போன சரக்கு என்ன ஆயிற்று?

ஆயுதமோ, ஆயுதம் செய்ய உதவும் இயந்திரமோ வெளிநாட்டுக்கு அனுப்ப விரும்பும் நிறுவனம் அரசிடம் உரிமம் வாங்க வேண்டும். தொழில்வளம் மிக்க நாடுகள் பெரும்பாலானவற்றில் இதுதான் சட்டம். பொருளின் தொழில்நுட்ப விவரம், எண்ணிக்கை, வாங்குபவர் யார், கடைசியில் கையாளப்போகிறவர் யார், எதற்காக என்பதெல்லாம் விண்ணப்பத்தில் இருக்கும். வாங்கும் தரப்பு கையெழுத்திட்டு முத்திரை வைத்த இறுதிப் பயனர் சான்றிதழும் இணைக்கப்பட்டிருக்கும். அதிகாரிகள் படித்துப் பார்த்து, இந்தச் சரக்கு தவறான காரியத்துக்குப் போகுமா என்று யோசித்து, தரலாம் அல்லது கூடாது என்று எழுதுவார்கள். எல்லாக் கேள்விகளும் இனி நடக்கப்போவதைப் பற்றியவை. இதே ஆளுக்குப் போன ஆண்டு அனுப்பிய சரக்கு இப்போது எங்கே இருக்கிறது, அது யார் மீது விழுந்தது என்ற கேள்விக்குக் கோப்பில் பெரும்பாலும் இடம் இருப்பதில்லை.

போர் நடக்கும் பகுதிகளுக்குத் தளவாடம் போவதைத் தடுக்க உலகில் சட்டங்கள் போதவில்லை என்று சொல்வது வழக்கம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சட்டங்களும் ஒப்பந்தங்களும் பட்டியல்களும் ஏராளம். அவை தோற்ற இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தால், முன்பு அனுப்பியது என்ன ஆயிற்று என்று கேட்காமல் விட்டதும், தெரிந்த பதிலைக் கோப்புக்குள் வரவிடாமல் வைத்ததுமே திரும்பத் திரும்பத் தென்படுகின்றன. இதைக் காட்ட பிரிட்டனையே முதன்மையாக எடுத்துக்கொள்கிறேன். அந்த நாடு மற்றவர்களைவிட மோசம் என்பதற்காக அல்ல. விசாரணைக் குழு, நீதிமன்றம், நாடாளுமன்றக் குழு என்று மூன்று வழியிலும் அங்கே உள்விவகாரம் வெளியே வந்திருக்கிறது. வேறு பல நாடுகளில் அந்தக் கதவுகள் திறந்ததே இல்லை.

1980 செப்டம்பரில் தொடங்கிய ஈரான்–இராக் போர் எட்டு ஆண்டு நீடித்தது. இரு தரப்புக்கும் உயிர்க்கொல்லித் தளவாடம் தருவதில்லை, போரை நீட்டிக்கவோ உக்கிரமாக்கவோ கணிசமாக உதவும் எதற்கும் புதிதாக அனுமதி இல்லை என்று மார்கரெட் தாட்சர் அரசு 1984 இறுதியில் வழிகாட்டு நெறிகளை வகுத்தது. வெளியுறவு அமைச்சர் ஜெஃப்ரி ஹோவ் 1985 அக்டோபரில் அவற்றை நாடாளுமன்றத்தில் அறிவித்தார். காகிதத்தில் நல்ல கொள்கைதான்.

கவென்ட்ரி நகரில் மேட்ரிக்ஸ் சர்ச்சில் என்றொரு லேத் உற்பத்தி நிறுவனம் இருந்தது. 1987இல் அது இராக்கியர் கைக்குப் போனது. கணினியால் இயங்கும் அதன் லேத்துகள் இராக்குக்கு ஏற்றுமதியாயின. லேத் வண்டியின் அச்சையும் கடையும், பீரங்கிக் குண்டின் உறையையும் கடையும். கோயம்புத்தூரிலோ ஓசூரிலோ பட்டறை வைத்திருப்பவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இருபயன் பொருள்களின் சிக்கல் முழுவதும் இங்கே இருக்கிறது. பொருளைப் பார்த்து அதன் நோக்கத்தைச் சொல்ல முடியாது. அது எந்தத் தொழிற்சாலையில், யாருடைய உத்தரவில் ஓடுகிறது என்பதைப் பார்த்தால்தான் தெரியும்.

பிரிட்டனுக்கு அது தெரிந்திருந்தது. ஏற்கெனவே போன பிரிட்டிஷ் இயந்திரங்கள் இராக்கின் குண்டுத் தொழிற்சாலைகளில் ஓடுவதாக உளவுத் தகவல் 1987 இறுதியிலேயே வந்துவிட்டது. நிறுவனத்தின் உள்ளேயிருந்தே பிரிட்டிஷ் உளவுத் துறைக்குத் தகவல் போய்க்கொண்டிருந்தது. ஆனாலும் 1988 ஜனவரியில் வணிகத் துறை இணையமைச்சர் ஆலன் கிளார்க் லேத் உற்பத்தியாளர்களைச் சந்தித்தபோது, விண்ணப்பங்களில் அமைதிக்காலப் பயன்பாட்டை அழுத்திச் சொல்லுங்கள் என்ற பொருள்பட ஆலோசனை சொன்னார். போர் நிறுத்தத்துக்குப் பின் 1988 டிசம்பரில் மூன்று இணையமைச்சர்கள் நெறிகளைத் தளர்த்தினார்கள். கொள்கை மாறவில்லை என்றே நாடாளுமன்றத்துக்குச் சொல்லப்பட்டது. 1988 மார்ச்சில் ஹலப்ஜா நகரில் நச்சுவாயுவால் சுமார் ஐயாயிரம் குர்துகள் மாண்டிருந்தார்கள். தளர்வு வந்தது அந்த ஆண்டே.

பிறகு சுங்கத் துறை அந்த நிறுவனத்தின் இயக்குநர்கள் மீதே வழக்குப் போட்டது. உண்மையான பயன்பாட்டை அரசிடம் மறைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அரசுக்கு எல்லாம் தெரியும் என்பதைக் காட்டும் ஆவணங்களை வெளியிடாமல் இருக்க நான்கு அமைச்சர்கள் பொதுநலச் சான்றிதழில் கையெழுத்திட்டார்கள். நீதிபதி ஆவணங்களைக் கொடுக்கச் சொன்னார். சாட்சிக்கூண்டில் கிளார்க் தானே உண்மையை ஒப்புக்கொண்டார். 1992 நவம்பரில் வழக்கு சரிந்தது. அந்த ஆவணங்கள் கடைசிவரை மறைக்கப்பட்டிருந்தால் சில மனிதர்கள் சிறைக்குப் போயிருக்கக்கூடும் என்பதை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது.

இதற்காக அமைக்கப்பட்ட ரிச்சர்ட் ஸ்காட் விசாரணையின் ஐந்து தொகுதி அறிக்கை 1996 பிப்ரவரி 15 அன்று வெளியானது. விவாதத்தில் ஜான் மேஜர் அரசு 320க்கு 319 என்று ஒரே வாக்கில் தப்பியது. ஸ்காட் இன்னொன்றையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். பிரிட்டனின் ஏற்றுமதிக் கட்டுப்பாடு முழுவதும் 1939 செப்டம்பரில், இரண்டாம் உலகப்போர் தொடங்கிய வேளையில் அவசரமாக நிறைவேற்றிய ஒரு சட்டத்தின் மீது நின்றுகொண்டிருந்தது. போருக்காக வந்த அந்தத் தற்காலிக அதிகாரத்தை யாரும் திருப்பித் தரவில்லை. நாடாளுமன்ற மேற்பார்வை பெயரளவுக்குக்கூட இல்லை. அதற்குப் பதிலாக வந்த ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2002இல் நிறைவேறி 2004 மே மாதம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது.

ஹலப்ஜாவுக்குப் போன ரசாயனத்தின் பாதையையும் ஒரு நீதிமன்றம் பின்னோக்கிப் பார்த்திருக்கிறது. ஃபிரான்ஸ் வான் அன்ராட் என்ற டச்சு வணிகர் தையோடைகிளைக்கால் என்ற ரசாயனத்தை ஆயிரம் டன்னுக்கும் மேல் இராக்குக்கு விற்றவர். அது சாயத் தொழிலிலும் மை தயாரிப்பிலும் பயன்படும். கடுகு வாயுவுக்கும் அதுதான் மூலப்பொருள். தி ஹேக் நீதிமன்றம் 2005 டிசம்பரில் அவரைப் போர்க்குற்றத்துக்கு உடந்தை என்று தீர்ப்பளித்து 15 ஆண்டு சிறை விதித்தது; மேல்முறையீட்டில் தண்டனை கூடியது. பதினேழு ஆண்டு கழித்துத்தான் என்றாலும், சரக்கு எங்கே போனது என்று ஒருவர் விடாமல் தேடினால் பதில் கிடைக்கும் என்பதற்கு இது சாட்சி.

பன்னாட்டு ஏற்பாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அவற்றில் பெரும்பாலானவை ஏதோ ஓர் அதிர்ச்சிக்குப் பின் எழுந்தவை. இந்தியா 1974 மே மாதம் பொக்ரானில் அணுவெடிப்பு நடத்தியதைத் தொடர்ந்து அணுப்பொருள் வழங்குவோர் குழு உருவானது. இராக்கின் ரசாயன ஆயுதங்களைப் பார்த்து 1985இல் ஆஸ்திரேலியா குழு. 1987இல் ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு ஏற்பாடு. பனிப்போர் முடிந்தபின் 1996இல் வாசெனார் ஏற்பாடு. இந்தக் குழுக்கள் பொருள்களின் பட்டியலைத் தயாரிக்கின்றன, முடிவை ஒவ்வொரு நாட்டிடமும் விட்டுவிடுகின்றன. 2013 ஏப்ரலில் ஐ.நா. பொதுச்சபை ஏற்று 2014 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த ஆயுத வணிக ஒப்பந்தம் இன்னொரு படி மேலே போனது. இனப்படுகொலைக்கோ போர்க்குற்றத்துக்கோ பயன்படும் என்று தெரிந்தே அனுப்பக் கூடாது என்றும், பன்னாட்டு மனிதாபிமானச் சட்டம் மீறப்படும் அபாயத்தை எடைபோட வேண்டும் என்றும் அது சொல்கிறது. ரஷ்யாவும் இந்தியாவும் அதில் இல்லை. அமெரிக்கா கையெழுத்திட்டது; உறுதிசெய்யாமலேயே 2019இல் விலகிக்கொள்வதாக அறிவித்தது.

பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் எட்டு அளவுகோல்களைப் பின்பற்றுகின்றன. இரண்டாவது அளவுகோல்தான் உயிரானது: பன்னாட்டு மனிதாபிமானச் சட்டத்தைக் கடுமையாக மீறும் செயலில் பொருள் பயன்படக்கூடும் என்ற தெளிவான அபாயம் இருந்தால் உரிமம் கிடையாது. அபாயத்தை அளக்க வேண்டுமானால் வாங்குபவரின் கடந்த நடத்தையைப் பார்க்காமல் எப்படி முடியும்? சாதாரண அறிவு கேட்கும் இந்தக் கேள்வி நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது.

அதற்கு முன் 2009இல் நடந்த இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு ஜனவரியில் காசா மீதான இஸ்ரேலின் மூன்று வாரத் தாக்குதல் முடிந்தது. பிரிட்டனின் வெளியுறவு அமைச்சர் டேவிட் மிலிபாண்ட் ஏப்ரலில் நாடாளுமன்றத்தில் வைத்த அறிக்கையில் எஃப்-16 விமானம், அப்பாச்சி ஹெலிகாப்டர், சார் வகைப் போர்க்கப்பல் என்று பெயர் சொல்லி, பிரிட்டிஷ் உதிரிபாகம் எவற்றில் இருந்தது என்று விளக்கினார். ஜூலையில் அந்தக் கப்பல்களின் பீரங்கிகள் தொடர்பான ஐந்து உரிமங்கள் ரத்தாயின. ஐந்து மட்டுமே என்று குறை சொல்லலாம். ஆனால் பின்னோக்கிப் பார்ப்பது ஓர் அரசால் முடிகிற காரியம், அதுவும் சில மாதங்களில் முடிகிற காரியம் என்பது அன்றே நிரூபணமானது.

அதே 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது. அந்த இறுதி மாதங்களில் நாற்பதாயிரம் பொதுமக்கள்வரை இறந்திருக்கக்கூடும் என்று ஐ.நா. வல்லுநர் குழு 2011இல் எழுதியது. இலங்கை ராணுவத்தின் கனரகத் தளவாடங்களில் பெரும்பகுதி சீனா, பாகிஸ்தான், இஸ்ரேல் போன்ற நாடுகளிலிருந்து வந்தவை. இலங்கைக்கு ஐ.நா. ஆயுதத் தடை ஏதும் இருக்கவில்லை. பிரிட்டனும் போர்நிறுத்தம் நிலவிய காலத்திலும் அதற்குப் பின்னும் சில உரிமங்கள் வழங்கியிருந்தது. 2009 ஆகஸ்டில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் ஆயுத ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக் குழு தன் அறிக்கையில், இலங்கைக்கான எல்லா உரிமங்களையும் மறுபரிசீலனை செய்யுங்கள், பிரிட்டன் கொடுத்த ஆயுதங்கள், குண்டுகள், உதிரிபாகங்களில் எவை இந்தப் போரில் பயன்பட்டன என்ற மதிப்பீட்டைத் தாருங்கள் என்று அரசிடம் கேட்டது. கேட்டபோது போர் முடிந்து மூன்று மாதம் ஆகிவிட்டது. போர்நிறுத்தக் காலத்தில் கொடுத்த உரிமம் போர் மூண்டபின் என்ன ஆகும் என்பதும் அந்த அறிக்கை எழுப்பிய கவலை. அமைதிப் பேச்சு நடக்கும் நாடு என்பது ஆயுதம் விற்கப் பாதுகாப்பான நாடு ஆகிவிடாது. இலங்கைக்கு வெளியே இந்தப் பாடம் இன்னும் சரியாகப் படிக்கப்படவில்லை.

ஏமன் வழக்குதான் இந்தத் துறையின் திருப்பம். சவூதி அரேபியா தலைமையிலான கூட்டணி 2015 மார்ச்சில் குண்டுவீச்சைத் தொடங்கியது. பிரிட்டனில் தயாரான டைஃபூன், டொர்னாடோ விமானங்களும் பேவ்வே குண்டுகளும் அதில் இருந்தன. 2016 அக்டோபரில் சனா நகரில் இறுதிச்சடங்குக்குக் கூடியிருந்த மண்டபம் தாக்கப்பட்டு சுமார் 140 பேர் இறந்தார்கள். நேரடிச் சாவும் பசி, நோய்ச் சாவுமாக 2021 முடிவுக்குள் 3,77,000 பேர் மடிந்திருப்பார்கள் என்று ஐ.நா. வளர்ச்சித் திட்டம் கணக்கிட்டது. ஆயுத வணிகத்துக்கு எதிரான இயக்கம் தொடுத்த வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019 ஜூன் 20 அன்று தீர்ப்பளித்தது. கூட்டணி கடந்த காலத்தில் சட்டத்தை மீறியதா என்று அரசு எந்த முடிவுக்கும் வரவில்லை, வர முயற்சி செய்யவுமில்லை. ஆகவே உரிமம் தந்த நடைமுறை பகுத்தறிவுக்குப் பொருந்தாதது, சட்டவிரோதமானது. 2016 தொடக்கத்தில், கடந்த மீறல்களை மதிப்பிட வேண்டாம் என்ற நிலைக்கு அரசு மாறியிருந்ததும் தீர்ப்பில் பதிவானது. தாக்குதல்களின் பட்டியல் பாதுகாப்பு அமைச்சகத்திடம் இருந்தது. ஒவ்வொன்றையும் பார்த்து இது மீறல், இது இல்லை என்று எழுதுவதை மட்டும் நிறுத்தியிருந்தார்கள். எழுதினால் அது கோப்பில் இருக்கும். கோப்பில் இருந்தால் உரிமம் கொடுப்பது கடினமாகும்.

வென்றவர்களின் மகிழ்ச்சி ஓர் ஆண்டே நீடித்தது. வணிகச் செயலர் லிஸ் ட்ரஸ் 2020 ஜூலையில் மறுமதிப்பீட்டின் முடிவை அறிவித்தார்: மீறல்கள் நடந்திருக்கலாம், அவை தனித்தனி நிகழ்வுகள், ஒரே மாதிரியான போக்கு எதுவும் தெரியவில்லை. உரிமங்கள் மீண்டும் தொடங்கின. இதை எதிர்த்த இரண்டாவது வழக்கை உயர் நீதிமன்றம் 2023 ஜூனில் தள்ளுபடி செய்தது; விசாரணையின் ஒரு பகுதி மூடிய அறையில் நடந்தது. பின்னோக்கிப் பார்க்க வேண்டும் என்ற கடமை தப்பிப் பிழைத்தது. பார்த்தபின் என்ன முடிவுக்கு வந்தாலும் அதைத் தட்டிக் கேட்பது அரிது என்பதும் உறுதியானது. என்னைப் பொறுத்தவரை முதல் தீர்ப்பின் மதிப்பு இதனால் குறையவில்லை. அதற்கு முன் அந்தக் கேள்வியையே தவிர்க்க முடிந்தது.

2024 செப்டம்பர் 2 அன்று பிரிட்டனின் அப்போதைய வெளியுறவு அமைச்சர் டேவிட் லாமி, இஸ்ரேலுக்கான சுமார் 350 உரிமங்களில் ஏறத்தாழ 30 நிறுத்திவைக்கப்படுவதாக அறிவித்தார். தெளிவான அபாயம் இருப்பதாக அரசே ஏற்றுக்கொண்டது. ஆனால் எஃப்-35 விமானத்தின் உதிரிபாகங்களுக்கு விலக்கு. அந்தப் பாகங்கள் எந்த நாட்டின் பெயருக்கும் போவதில்லை. பல நாடுகள் சேர்ந்து நடத்தும் பொதுக் கையிருப்புக்குப் போகின்றன. இஸ்ரேலுக்கு மட்டும் நிறுத்த வேண்டுமானால் முழுத் திட்டத்தையும் நிறுத்த வேண்டும், அது நேட்டோ பாதுகாப்பைப் பாதிக்கும் என்றது அரசு. அல்-ஹக் என்ற பாலஸ்தீன மனித உரிமை அமைப்பின் வழக்கை உயர் நீதிமன்றம் 2025 ஜூன் 30 அன்று தள்ளுபடி செய்தது; இது நாடாளுமன்றத்துக்கும் வாக்காளருக்கும் பொறுப்பான அரசு எடுக்க வேண்டிய முடிவு என்றது. நெதர்லாந்தில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் இதே பாகங்களின் ஏற்றுமதியை நிறுத்தச் சொல்லியிருந்தது. 2025 அக்டோபரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், முடிவை நீதிமன்றம் எடுக்க முடியாது, அரசே மறுபடி பரிசீலிக்க வேண்டும் என்றது.

எஃப்-35 பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1939 சட்டம் எழுதப்பட்டபோது துப்பாக்கி ஓர் ஊரில் தயாராகி, ஒரு கப்பலில் ஏறி, ஒரு துறைமுகத்தில் இறங்கியது. இன்று ஒரு போர்விமானத்தின் மதிப்பில் ஏறத்தாழ 15 விழுக்காடு பிரிட்டனில் தயாராகிறது. மீதி பல நாடுகளில். எந்தப் பாகம் எந்த விமானத்தில் பொருந்தும் என்று அனுப்பும்போது யாருக்கும் தெரியாதபடிதான் திட்டமே அமைந்திருக்கிறது. போன சரக்கைத் தேடும் வழி இங்கே வடிவமைப்பிலேயே அடைக்கப்பட்டிருக்கிறது. இனிவரும் கூட்டுத் திட்டங்களின் ஒப்பந்தத்தில், ஒரு கூட்டாளிக்குத் தனியே வழங்கலை நிறுத்தும் ஏற்பாட்டைத் தொடக்கத்திலேயே எழுதிவைக்க வேண்டும். விமானம் பறக்கத் தொடங்கியபின் இந்த விவாதத்துக்குப் பயனில்லை.

இறுதிப் பயனர் சான்றிதழைப் பற்றி யாரும் மயங்க வேண்டாம். அது ஒரு வாக்குறுதிக் கடிதம். 1994இல் உக்ரைனிலிருந்து சுமார் 60 டன் வெடிபொருள் வங்கதேச ராணுவத்துக்கு என்ற போலிச் சான்றிதழின் பேரில் வாங்கப்பட்டு விடுதலைப் புலிகளிடம் சேர்ந்ததைப் பல ஆய்வுகள் பதிவுசெய்துள்ளன. விற்றவர்களில் ஒருவர் டாக்காவுக்குக் கடிதம் போட்டு உறுதிசெய்திருந்தால் வெளிப்பட்டிருக்கும் மோசடி அது. உண்மையான சான்றிதழும் காப்பாற்றிவிடாது என்பதற்குச் சூடான் சாட்சி. டார்ஃபூருக்கு ஐ.நா. ஆயுதத் தடை 2004 முதல் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தடை 1994 முதல் சூடான் முழுவதற்கும் உண்டு. 2023 ஏப்ரலில் உள்நாட்டுப் போர் மூண்டபின், ஐக்கிய அரபு அமீரகத்தில் தயாரான கவச வண்டிகளில் பிரான்ஸின் காலிக்ஸ் தற்காப்புக் கருவி பொருத்தப்பட்டு சூடான் போர்க்களத்தில் நிற்பதை ஆம்னெஸ்டி அமைப்பு 2024 நவம்பரில் படங்களோடு காட்டியது. பல்கேரியா அமீரகத்துக்கு விற்ற மோர்ட்டார் குண்டுகளும் சூடானில் அகப்பட்டன. மறு ஏற்றுமதிக்கு அனுமதி தரவில்லை என்றது பல்கேரியா. தான் யாருக்கும் ஆயுதம் கொடுக்கவில்லை என்று அமீரகம் மறுக்கிறது. பிரான்ஸிலும் பல்கேரியாவிலும் விதிப்படி உரிமம் பெற்றே அனுப்பியிருப்பார்கள். சட்டத்தின் கண் துறைமுகத்தோடு மூடிக்கொள்கிறது.

ரஷ்யா விஷயத்தில் நிலைமை தலைகீழ். இங்கே அரசுகள் தடுக்கவே விரும்புகின்றன, முடியவில்லை. பிரிட்டனின் ருசி ஆய்வு நிறுவனம் 2022 ஆகஸ்டில் வெளியிட்ட ஆய்வில், உக்ரைனில் கைப்பற்றப்பட்ட ரஷ்யாவின் 27 ஆயுத அமைப்புகளுக்குள் வெளிநாட்டில் தயாரான 450 வகைப் பாகங்களாவது இருந்தன. பெரும்பாலானவை அமெரிக்க நிறுவனங்களின் சில்லுகள். இவற்றில் பல எந்த மின்னணுக் கடையிலும் கிடைப்பவை. அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் பிரிட்டனும் ஜப்பானும் சேர்ந்து, போர்க்களத்தில் அகப்பட்ட பாகங்களிலிருந்தே தொகுத்த 50 சுங்கக் குறியீடுகளின் பட்டியலை வைத்திருக்கின்றன. கவனிக்க வேண்டியது இந்த வரிசையைத்தான்: முதலில் சிதறிய ஏவுகணையைத் திறந்து பார்த்தார்கள், பிறகு எதைத் தடுப்பது என்று தீர்மானித்தார்கள். மறு ஏற்றுமதி செய்யக் கூடாது என்ற நிபந்தனையை விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும் என்ற ஐரோப்பிய விதி 2024 மார்ச் முதல் நடைமுறையில் உள்ளது. கிர்கிஸ்தான், ஆர்மீனியா, துருக்கி, ஹாங்காங், அமீரகம் என்று சரக்கு சுற்றிப் போகும் வழிகளும் தெரிந்தவைதான். எதிரி பயன்படுத்துகிறான் என்றால் ஒவ்வொரு சில்லின் வரிசை எண்ணையும் தேட முடிகிறது. நண்பன் பயன்படுத்தினால் தகவல் போதவில்லை என்று சொல்லப்படுகிறது. இந்த வேறுபாடு எனக்கு ஏற்புடையது அல்ல.

நாங்கள் விற்காவிட்டால் இன்னொருவர் விற்பார் என்ற வாதத்தை எல்லா நாட்டு அமைச்சர்களும் சொல்வார்கள். ஓரளவு உண்மைதான், சந்தையில் துருக்கியும் சீனாவும் தென்கொரியாவும் காத்திருக்கின்றன. வேலைவாய்ப்பு பற்றிய கவலையும் போலியானது அல்ல. இங்கிலாந்தின் லங்காஷயரில் விமானத் தொழிற்சாலையை நம்பி வாழும் குடும்பங்கள் உண்டு. ஆனால் போர்விமானம் போன்ற பெரிய தளவாடத்தை நாளைக்கே வேறு கடையில் மாற்றி வாங்கிவிட முடியாது. பாகமும் குண்டும் பராமரிப்பும் பழைய விற்பனையாளரிடமிருந்தே வர வேண்டும். விற்ற நாட்டுக்கு உள்ள பிடி அதுதான். 2018 அக்டோபரில் பத்திரிகையாளர் ஜமால் கஷோகி கொல்லப்பட்டபின் ஜெர்மனி சவூதிக்கான ஏற்றுமதியை நிறுத்தியபோது, ஜெர்மன் பாகங்கள் இல்லாமல் டைஃபூன் வழங்கல் பாதிக்கப்படும் என்று பிரிட்டன் பதறியதே அந்தப் பிடி எவ்வளவு உறுதியானது என்பதைச் சொல்லும்.

பின்னோக்கிப் பார்க்க வழிகள் உண்டு. அமெரிக்க வெளியுறவுத் துறை 1990 முதல் புளூ லேன்டர்ன் என்ற பெயரில் தன் தூதரக ஊழியர்களைக் கொண்டு வாங்கியவரிடம் நேரில் போய்ச் சரிபார்க்கிறது. ஜெர்மனி 2017இல் நேரடிச் சோதனையைத் தொடங்கியது. முதல் சோதனை நடந்த நாடு இந்தியா. லண்டனிலிருந்து இயங்கும் கான்ஃப்ளிக்ட் ஆர்மமென்ட் ரிசர்ச் அமைப்பின் ஆய்வாளர்கள் போர்க்களத்துக்கே போய் வரிசை எண்களைப் படமெடுத்து, உற்பத்தியாளருக்கு எழுதிக் கேட்டு, சரக்கு கைமாறிய ஒவ்வொரு கட்டத்தையும் பதிவுசெய்கிறார்கள். ஜெர்மன் முறையில் பெரிய குறை உண்டு: சோதனை பெரும்பாலும் துப்பாக்கி வகைகளுக்கு மட்டும், உதிரிபாகங்களை அது தொடுவதில்லை. துப்பாக்கி கிடங்கில் பத்திரமாக இருக்கிறதா என்றுதான் பார்க்கிறது. கிடங்கிலிருந்து எடுத்து யாரைச் சுட்டார்கள் என்பது அதன் வேலை அல்ல. ஆனாலும் சான்றிதழைப் படித்துவிட்டு உட்கார்ந்திருப்பதைவிட எவ்வளவோ மேல். புதிய உரிமம் கேட்கும் நாட்டிடம் பழைய சரக்கைக் காட்டச் சொல்வது இயல்பான நிபந்தனையாக வேண்டும். காட்ட மறுத்தால் அடுத்த கோப்பைத் திறக்க வேண்டியதில்லை. பிரிட்டனில் இதை வலியுறுத்தி வந்த நாடாளுமன்றத்தின் ஆயுத ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக் குழு 2024இல் முடிவுக்கு வந்து, பொறுப்பு நாடாளுமன்றத்தின் வணிகக் குழுவிடம் போய்விட்டது. வணிகத்தை வளர்க்க விரும்பும் குழுவிடம் வணிகத்தைத் தடுக்கும் பணியைக் கொடுப்பது நல்ல ஏற்பாடாக எனக்குப் படவில்லை.

இந்தியா வெகுகாலம் இந்தக் கட்டுப்பாடுகளால் பாதிக்கப்பட்ட தரப்பில் நின்றது. 2016இல் ஏவுகணை ஏற்பாட்டிலும், 2017 டிசம்பரில் வாசெனாரிலும், 2018 ஜனவரியில் ஆஸ்திரேலியா குழுவிலும் சேர்ந்தபின் கட்டுப்படுத்தும் தரப்புக்கு வந்துவிட்டது. நம்முடைய பட்டியலின் பெயர் ஸ்கோமெட். இருபயன் பொருள்களுக்குப் பெரும்பாலும் வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்குநரகமும், ராணுவத் தளவாடங்களுக்குப் பாதுகாப்பு உற்பத்தித் துறையும் உரிமம் தருகின்றன. பொருள் திசைமாறுமா, பயங்கரவாதிகளிடம் சேருமா, பேரழிவு ஆயுதத்துக்கு உதவுமா என்று விதிகள் பார்க்கின்றன. 2024 அக்டோபரில் ரஷ்யாவின் போருக்கு உதவியதாகச் சொல்லி அமெரிக்கா 19 இந்திய நிறுவனங்கள் மீது தடை விதித்தபோது, அவை இந்தியச் சட்டம் எதையும் மீறவில்லை என்று வெளியுறவு அமைச்சகம் பதில் சொன்னது. அந்தப் பதில் சரியாகவே இருக்கலாம். எந்தச் சட்டம் மீறப்படவில்லை என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

2024 மே மாதம் மரியான் டானிகா என்ற கப்பல் கார்த்தஹேனா துறைமுகத்தில் நிற்க ஸ்பெயின் அனுமதி மறுத்தது. அது சென்னையிலிருந்து சுமார் 27 டன் வெடிபொருளுடன் இஸ்ரேலின் ஹைஃபாவுக்குப் போய்க்கொண்டிருந்ததாக ஸ்பானியப் பத்திரிகைகள் எழுதின. சென்னையில் வாழ்கிறவர்களுக்கு இந்தச் செய்தி ஸ்பெயின் வழியாகத்தான் வந்து சேர்ந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 9 அன்று, இஸ்ரேலுக்கு ஆயுத ஏற்றுமதியை நிறுத்தக் கோரிய பொதுநல மனுவை இந்திய உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. வெளியுறவுக் கொள்கை அரசின் களம், ஒப்பந்தத்தை மீறச் சொன்னால் நிறுவனங்கள் வழக்கைச் சந்திக்க நேரும் என்பவை சொல்லப்பட்ட காரணங்களில் அடக்கம். ஏமன் வழக்கில் பிரிட்டிஷ் நீதிபதிகள் கேட்ட கேள்வி, அதாவது முந்தைய சரக்கு பற்றி அரசு என்ன மதிப்பிட்டது என்பது, இங்கே விசாரணைக்கே வரவில்லை.

இந்தியாவின் பாதுகாப்பு ஏற்றுமதி 2023–24இல் 21,083 கோடி ரூபாய், 2024–25இல் 23,622 கோடி ரூபாய். 2029க்குள் 50,000 கோடி என்பது இலக்கு. சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி ஆகிய ஐந்து முனைகள் கொண்ட தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில்வழித்தடம் அந்த இலக்கின் ஒரு பகுதி. பிரிட்டன் எந்த நாட்டுக்கு, எந்த வகைத் தளவாடத்துக்கு எத்தனை உரிமம் கொடுத்தது, எத்தனையை மறுத்தது என்ற பட்டியலைக் காலாண்டுக்கு ஒருமுறை வெளியிடுகிறது. ஸ்காட் அறிக்கை முதல் ஏமன் தீர்ப்புவரை இவ்வளவு பேச முடிந்ததற்கு இப்படி வெளியே வந்த அரசுக் காகிதங்கள்தான் அடித்தளம். இந்தியாவில் அத்தகைய பட்டியல் வெளியாகும் வழக்கம் இல்லை. வாங்கும் நாடுகளின் பெயரைக் கேட்ட நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குப் பாதுகாப்பு அமைச்சகம், கேந்திர முக்கியத்துவம் கருதிப் பெயர்களை வெளியிட இயலாது என்று பதில் சொன்னதுண்டு.